உலையின் நெற்றியில் திருநீறு

1

எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் நான் விட்டுவிட்டு ஓடிய பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரில் என் எழுத்து வருகிறது. தலைமையாசிரியர் இதை என்னிடம் கேட்கவில்லை. காந்திமதிநாதன் அண்ணாச்சியிடம்தான் கேட்டிருந்தார். அண்ணாச்சி நம் பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். தென்காசிக்காரர், இன்ஜினியர். கலிபோர்னியாவில் டிரான்சிஸ்டர் செய்யும் ஒரு கம்பெனியில் இந்த மாதம் வைஸ் பிரசிடெண்ட் ஆகியிருக்கிறார். 'தாங்கள் முன்னேறிய விதத்தை மாணவர்களுக்கு எழுத வேண்டும்' என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. அதே கம்பெனியில் உலை பார்க்கிற தொழிலாளி நான்.

கடிதத்தை அவர் என் கையில் கொடுத்தார்.

"ஏலே சுடலை, இத நீ எழுது."

"நானா? எங்கன ஒத்தெழுத்து போடணும்னே எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"ஒத்து அவங்க போட்டுக்கிடுவாங்க. நான் எழுதினா என்னைப் பத்தி நல்லதாத்தான் எழுதுவேன். நீ எழுதினா நடந்தத எழுதுவ."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அந்த மலரு எங்க அப்பா கைக்கும் போகும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து தென்காசிக்கு ஒரு போட்டோ போனது. அதில் அண்ணாச்சியின் நெற்றியில் திருநீறு இல்லை. தினமும் கோயிலுக்குப் போய்வந்த பிறகே காப்பி குடிக்கிற வீடு அது. அந்தப் போட்டோவுக்கு ஒரு பதில் எழுதியதோடு அவருடைய அப்பா மகனுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த நெற்றி வெறுமையானது யாரால் என்று இந்தியாவில் ஒருவருக்கும் தெரியாது. என்னால்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் முன்னேறிய விதமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து ரொட்டியும் முட்டையும் தின்று பஸ் ஏறுவேன். இரண்டு பக்கமும் பழத்தோட்டம். ஒவ்வொரு வருஷமும் ஒரு தோட்டத்தை வெட்டிவிட்டு ஒரு தொழிற்சாலை கட்டுகிறார்கள். நான் முதலில் பழம் பறித்த தோட்டம் இப்போது எங்கள் கம்பெனியின் கார் நிறுத்தும் இடம்.

வேலை இதுதான். பழைய வெள்ளி ரூபாய் அளவில் சிலிக்கான் தகடுகள் வரும், கண்ணாடி போல மினுங்கும். அவற்றை வரிசையாக ஒரு சின்னத் தட்டில் நிறுத்தி, படிகக் குழாய் வழியாக உலைக்குள் மெல்லத் தள்ள வேண்டும். உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. வெளியே எடுக்கும்போது தகட்டின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் ஏறியிருக்கும். அந்தப் படலம் சுத்தமாக இருந்தால் டிரான்சிஸ்டர், இல்லாவிட்டால் குப்பை. வேகமாகத் தள்ளக் கூடாது, கை நடுங்கக் கூடாது. படிப்பு வேண்டாம்.

இங்கே இருப்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அனுமதி வாங்க வேண்டும். அந்த அலுவலகத்துப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம். எனக்கு இருப்பது ஒரு பெயர். முதல் தடவை ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன், திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை இரண்டிலும் சுடலைமுத்து என்று எழுதினேன், அண்ணன் தம்பி இரண்டு பேரா என்று கேட்டார்கள். மூன்றாம் தடவை அங்கே படிவம் வாங்குகிற அம்மாளே என் பெயரை நடுவில் வெட்டி இரண்டு கட்டத்திலும் போட்டாள். அதிலிருந்து நான் மிஸ்டர் முத்து. அந்த அம்மாளுக்கு நன்றி. படிவத்தோடு கம்பெனியின் கடிதமும் வைக்க வேண்டும், வேலையில் இருக்கிறான் என்று. கடிதம் இல்லை என்றால் கப்பல் ஏற வேண்டியதுதான்.

3

என் ஊர் குத்துக்கல்வலசையிலிருந்து ஓடியவன் வெகுதூரம் போய்விடவில்லை. புளியறையில் ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவர் மாடசாமி அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் வண்டியின் முகத்தைக் கழுவி, ரேடியேட்டருக்கு மேலே திருநீறு மூன்று பட்டை இழுக்காமல் சாவியைத் தொட மாட்டார். ஒருநாள் மழையில் நான் பூசாமல் விட்டேன். மலையில் பாதி தூரம் ஏறியதும் வண்டி கொதித்து நின்றது. இறங்கி வந்து பார்த்தவர் அறைந்தார்.

"நெத்தி காஞ்ச வண்டில எவன்ல மலை ஏறுவான்? கோட்டிக்காரப் பயலே!"

அன்றைக்கு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவும் நான் மறந்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது. நான் அடியை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஆனால் உடம்பு அடியைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது, தண்ணீரை அல்ல. அதற்குப் பிறகு எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் முதலில் அதன் நெற்றியைத்தான் தேடுவேன்.

பிறகு இரண்டு சீசன் குற்றாலத்தில் ஒரு மைக் செட்காரரிடம் வேலை. சாரல் பிடித்தால் ஆம்ப்ளிபையர் பெட்டி செத்துப்போகும். ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை வந்து இறங்குகிற நேரத்தில் பாட்டு நின்றது. முதலாளி என்னைத் திட்ட, நான் பெட்டிக்குத் திருநீறு பூசிக் கற்பூரம் ஏற்றினேன். பெண் வீட்டு உறவாக வந்திருந்த காந்திமதிநாதன் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். அப்போது அவர் சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே, பெட்டிக்குத் தீபாராதனையா?"

மூடியைக் கழற்றி, குனிந்து மோந்து பார்த்தார். பெட்டியை மோந்து பார்த்த ஆளை அன்றுதான் பார்த்தேன். "ஈரம். கண்ணுக்குத் தெரியாம உள்ள போயி உக்காந்துருக்கு" என்றார். சமையல்காரர்கள் வடை சுட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியைத் தூக்கி வைத்தார். "வடை சட்டி கிட்ட வயரா? தள்ளிப் போம்யா!" என்று கத்தின சமையல்காரரிடம், அரை மணி நேரம் தாரும் என்று கெஞ்சினார். அரை மணியில் பெட்டி பாடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்களும்தான் நெத்தி நெறயப் பூசியிருக்கீக?" என்று கேட்டேன்.

"இது எனக்கு. பெட்டிக்கு எதுக்குல?"

அந்தப் பதிலை அன்றைக்கே மனதில் வாங்கியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

4

அதன்பின் அவர் வழி வேறு, என் வழி வேறு. அவர் இன்ஜினியரிங் முடித்து, ஒரு மின்நிலையத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, உதவித்தொகையில் அமெரிக்கா வந்து மேல்படிப்புப் படித்து, இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். நான் கொச்சிக்குப் போய்க் கப்பலில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தேன். ஐந்து வருஷம் உரித்தேன். இந்த ஊர்த் துறைமுகத்தில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். கப்பல் எனக்காக நிற்கவில்லை. எழுந்தபோது என்னிடம் இருந்தது ஒரு தையல் போட்ட வயிறும் ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டும். பழம் பறித்தேன், பழம் டப்பாவில் அடைக்கும் ஆலையில் நின்றேன். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. குடல்வால் வெடிக்காவிட்டால் இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தில், கோட்டும் தொப்பியும் போட்டவர்களுக்கு நடுவே ஒரு நெற்றியில் மூன்று பட்டை பளிச்சென்று தெரிந்தது. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய், "தென்காசியா?" என்றேன்.

நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கல்யாண வீட்டுப் பெட்டியைச் சொன்னதும் பேப்பரை மடித்துவிட்டார்.

"ஏலே, தீபாராதனை! நீ இங்கன என்னல செய்யுத?"

அன்று இரவுச் சாப்பாடு அவர் வீட்டில். அவர் மனைவி மீனாட்சி மதினி ரசம் ஊற்றினாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு ரசம். மதினி கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" அண்ணாச்சி கேட்டதும் ஒரே கேள்விதான்: "ஒனக்குக் கை நடுங்குமா?" நடுங்காது என்றேன். அடுத்த வாரம் உலையில் நின்றேன். அவர் அந்தப் பிரிவுக்கு இன்ஜினியர்.

5

அடுத்த வருஷம் புது வகை டிரான்சிஸ்டர் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கென்று ஒரு புது உலை வந்தது. பொறுப்பு முழுவதும் அண்ணாச்சிக்கு.

புது உலையை நெற்றி காய வைத்து எப்படிக் கொளுத்துவது? அண்ணாச்சியின் அப்பா மாதம் தவறாமல் கோயில் திருநீறு பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்புவார், மதினி அதில் எனக்கும் கொஞ்சம் கொடுப்பாள். முதல் நாள் காலை யாரும் வருவதற்கு முன், விரலை நனைத்து, உலை வாய்க்கு மேலே மூன்று கோடு இழுத்தேன். உலைக்கு வெள்ளைப் பெயிண்ட். வெள்ளையின் மேல் வெள்ளை. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

டிரான்சிஸ்டர்கள் சரியாக வரவில்லை. எவ்வளவு மின்சாரத்தில் வேலை செய்கிறது என்று காலையில் அளந்தால் ஓர் அளவு, சூடு ஏற்றி மாலையில் அளந்தால் வேறு அளவு. நிலையாக நிற்கவே இல்லை. அண்ணாச்சி வாயுவை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், தகடு விற்கிறவரையே மாற்றினார். வீட்டுக்குப் போகாமல் கிடந்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னால் முடிந்ததைச் செய்தேன். அதுவரை வெள்ளிக்கிழமை மட்டும் பூசியவன், தினமும் பூசினேன். ஒரு கோடு கூடுதலாகவும் இழுத்தேன். அளவு இன்னும் மோசமாக அலைந்தது.

பெரிய மேனேஜர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். மாதக் கடைசிக்குள் காரணம் தெரிய வேண்டும். சரியானால் மட்டும் போதாது, ஏன் கெட்டது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிரிவை மூடிவிடுவோம். முப்பது பேரும் போக வேண்டும், முதலில் அண்ணாச்சி.

அந்தச் சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். எனக்குப் பதிலாக நின்றவர் உலையைத் துடைத்துப் புதுக் குழாய் மாட்டியிருக்கிறார். திரும்பிப் போனபோது அண்ணாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாலு நாளா அசையாம நிக்குதுல! ஏன் நிக்குதுன்னுதான் தெரியல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேரே போய் உலைக்கு நன்றியாக நாலு கோடு இழுத்தேன். தட்டைத் தள்ளும் கம்பியை அதே விரலால் பிடித்தேன். மாலையில் அளவு அலைந்தது.

உலைக்கு முன்னால் நின்றேன். என் விரல் நுனி வெள்ளையாக இருந்தது. மாடசாமி அண்ணாச்சியின் ரேடியேட்டர் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உண்மை எனக்கு மட்டும் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான்.

பேசாமல் துடைத்துவிட்டுப் பூசுவதை நிறுத்தியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த மாதம் என் அனுமதிக்குக் கம்பெனிக் கடிதம் வேண்டும், உலையைக் கெடுத்தவனுக்கு யார் கடிதம் தருவார்கள்? ஆனால் காரணம் தெரியாமல் பிரிவு பிழைக்காது. மறுநாள் காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டு தகடு தள்ளினேன். அன்று கை நடுங்கியது. மூன்று மணிக்கு அவர் மேஜைக்குப் போய்ப் பொட்டலத்தை வைத்தேன்.

"இத உலைக்குப் பூசினேன் அண்ணாச்சி. மொத நாள்லேந்து."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார். பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "சாம்பல்ல உப்பு இருக்கும்ல. சின்னப் பிள்ளையில தின்னுருக்கோம், தெரியும். தெரிஞ்சும் தோணலயே எனக்கு."

"நான் கப்பலுக்கே போயிருதேன்."

"சவத்த, சும்மா இருல. நாளைக்கும் பூசு."

"என்னது?"

"ஒரு நாள் பூசு, ஒரு நாள் பூசாத. பூசாத நாளைக்கு மொதல்ல எல்லாத்தையும் தொடச்சு, குழாயக் கழுவி மாட்டு. ஆறு நாளு. நான் அளந்து எழுதுதேன்."

மாடசாமி அண்ணாச்சிக்குப் பயந்து பூசியிருக்கிறேன், பாசத்தில் பூசியிருக்கிறேன். அளப்பதற்காகப் பூசியது அந்த மூன்று நாள்தான். பூசிய மூன்று நாளும் அளவு அலைந்தது, பூசாத மூன்று நாளும் நின்றது.

மேனேஜர் அறைக்குள் என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி காகிதத்தை நீட்டி, உப்புதான் காரணம், கண்ணுக்குத் தெரியாத அளவு படலத்துக்குள் புகுந்தாலே போதும் என்று விளக்கினார். மேனேஜர் கேட்டார், அது உலைக்கு எப்படி வந்தது? நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணாச்சி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"இது. நான் பூசிய நாளில்தான் அளவு அலைகிறது."

மேனேஜர் அந்த நெற்றியை அன்றுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. உங்கள் சாமியில் நான் தலையிட மாட்டேன், ஆனால் அந்த அறைக்குள் இது வேண்டாம் என்றார். அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீக?"

"பொய்யா? என் நெத்தியில இருந்தும் விழுந்துருக்கும்ல. நீ மாட்டினா கப்பலுக்குப் போவணும். நான் தொடச்சா தொடச்சதோட போச்சு."

6

துடைத்ததோடு போகவில்லை.

அந்தக் காகிதத்திலிருந்துதான் அவர் வளர்ந்தார். உப்பு இன்னும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். வியர்வையில், கையுறையில், அமிலப் புட்டியில், குழாயிலேயே இருந்தது. கல்யாண வீட்டில் பெட்டியை மோந்த அதே ஆள். மற்றத் தொழிற்சாலைகளிலிருந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிரிவுக்குத் தலைவர் ஆனார், தொழிற்சாலைக்கு மேனேஜர் ஆனார். உலை அறையில் வேலை பார்க்கும் பெண்கள் முகப் பவுடர் போடக் கூடாது என்று சட்டம் போட்டார். முணுமுணுத்தார்கள், ஆனாலும் போடாமல் வந்தார்கள்.

"வீட்டுல பூசிட்டு வரும்போது கழுவிரலாமே?" என்று மதினி கேட்டாள்.

"கழுவினா முழுசாப் போகும்னு எனக்கே நிச்சயமில்ல மீனாட்சி. அந்தப் பொம்பளைங்கள பவுடர் போடாதன்னு சொல்லிட்டு நான் பூசிட்டுப் போவனா?"

"சாமிக்கும் மேலயா ஒங்க உலை?" என்று கேட்டவள் இரண்டு நாள் பேசவில்லை. ஊரிலிருந்து வந்த திருநீற்றை அவள் மட்டும் பூசிக்கொண்டாள்.

மகள் உமாவின் பிறந்த நாளுக்கு எடுத்த போட்டோவைத் தென்காசிக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது. அண்ணாச்சி என்னிடம் காட்டினார். மூன்றே வரி. 'போட்டோ கிடைத்தது. உன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே நீ எவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறாய் என்று எழுதவும்.' அதற்கப்புறம் கடிதமும் இல்லை, பொட்டலமும் இல்லை.

"நடந்தத எழுதிருங்க அண்ணாச்சி. எம் மேல பழியப் போட்டு எழுதுங்க" என்றேன்.

"என்னன்னு எழுத? நீங்க அனுப்பின திருநீத்தால உலை கெட்டுப்போச்சுன்னா? அதுக்கு நான் கெட்டுப்போயிட்டேன்னு நெனச்சுக்கிடட்டுமே."

உமா இங்கேயே பிறந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும். என் இங்கிலீஷைத் திருத்தவும் செய்யும். ஒருநாள் சுவரில் இருந்த தாத்தாவின் படத்தைக் காட்டி, தாத்தா நெற்றியில் ஏன் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டது. அப்பா நெற்றியில் அதைப் பார்த்த ஞாபகம் அதற்கு இல்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மேலரத வீதியில் இருக்கும் பெரியவருக்கு: அய்யா, உங்கள் மகன் உங்கள் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கிறார். என்னைக் கப்பலேற்றாமல் காப்பாற்றத் தன் நெற்றியைத் துடைத்தார். உங்கள் பொட்டலத்தின் மேல் ஒரு சொல் விழக் கூடாது என்று உங்கள் கோபத்தையும் வாங்கிக்கொண்டார். நான் இங்கே தின்கிற சோறு அந்தக் கைக்குட்டையில் மடித்த திருநீறு. கோபம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

7

போன திங்கட்கிழமை காலை உலை அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். நெற்றியில் மூன்று பட்டை. பஸ் நிறுத்தத்தில் பார்த்த அதே அகலம். முடி மட்டும் நரைத்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினேன்.

"என்ன அண்ணாச்சி!"

"மேல ஒரு ரூம் குடுத்துருக்கானுவ. கம்பளம் விரிச்சிருக்கு. இனிமே இந்தக் கதவத் தொறக்க எனக்கு வேலை இல்லல." நெற்றியைக் காட்டினார். "மதினிதான் பழைய பொட்டலத்துல மிச்சம் இருந்ததப் பூசி விட்டா. உமா பாத்துட்டு, தாத்தா மாதிரி இருக்கேன்னுச்சு."

"தமிழ்லயா?"

"தாத்தாங்குறது மட்டும் தமிழ்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். உலையின் வாய் சிவப்பாகத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் தன் கையால் திறந்த கதவின் பிடிக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனார், தொடவில்லை.

"அளவெல்லாம் நிக்குதா?"

"நிக்குது."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "ஒனக்கும் ஒரு கோடு இழுத்து விடட்டுமால?"

நெற்றியைக் கொடுக்க எனக்கும் ஆசைதான்.

"ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்து பூசிக்கிடுதேன் அண்ணாச்சி. எனக்கு இன்னும் உள்ள வேலை இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். நான் முழங்கை வரை கையைக் கழுவி, கையுறையை மாட்டிக்கொண்டு, அடுத்த தட்டைத் தள்ளினேன்.